குளிரில் கிருமி சாவதில்லை: வளர்ப்புப் பாம்பின் உறைந்த இரையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும்

தொற்றுநோய் மருத்துவப் பிரிவிலிருந்து

சென்ற கோடையில் ஒரு நாள், குழந்தைகள் பிரிவிலிருந்து ஆலோசனைக்காக எனக்கு அழைப்பு வந்தது. எட்டு மாதக் கைக்குழந்தை. நான்கு நாள்களாகக் காய்ச்சல். சளியும் இரத்தக் கீற்றும் கலந்த வயிற்றுப்போக்கு. இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியதில் சால்மோனெல்லா என்னும் கிருமி வளர்ந்திருந்தது. அது டைபாய்டை உண்டாக்கும் வகை அன்று. பெரும்பாலும் விலங்குகளிடமிருந்தும் அவற்றால் மாசுபட்ட உணவிலிருந்தும் மனிதரை அடையும் வகை.

கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்று கண்டறிய வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் கூழும் மசித்த பழமும் மட்டுமே கொடுத்துவந்தார்கள். முட்டையோ இறைச்சியோ கொடுக்கவில்லை. "வீட்டில் நாய், பூனை, கோழி ஏதேனும் உண்டா?" என்றேன். எதுவும் இல்லை என்றார் குழந்தையின் தாய். மூன்றாம் நாள் குழந்தையின் மாமா, கல்லூரி மாணவர், பார்வை நேரத்தில் என்னைத் தனியே சந்தித்துத் தயக்கத்துடன் கேட்டார்: "டாக்டர், பாம்பைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?"

அவர் மாடி அறையில் கார்ன் ஸ்நேக் எனப்படும் வெளிநாட்டுப் பாம்பு ஒன்றை இரண்டு ஆண்டுகளாக வளர்த்துவந்தார். குழந்தை தாயுடன் பாட்டி வீட்டிற்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "குழந்தையை மாடிப்பக்கம் ஒருநாளும் தூக்கிச் சென்றதில்லை" என்று பாட்டி உறுதியாகக் கூறினார். அது உண்மையே. குழந்தை பாம்பைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பாம்பின் உணவு மாடியில் இல்லை. அது கீழே, சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் ஃபிரீசரில், ஒரு பாலித்தீன் பையில், ஐஸ் தட்டுக்கு அருகில் இருந்தது.

அக்குடும்பத்தினரின் இசைவுடனும் அவர்களுடைய அடையாளத்தைத் தவிர்த்தும் இதை எழுதுகிறேன். ஊர்வனவற்றை வளர்ப்போர் நம் நகரங்களில் பெருகிவருகின்றனர். அவற்றுக்கான உறைந்த இரையை எவ்வாறு வைத்திருப்பது என்பதை அவர்கள் மட்டுமன்றி, அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்வோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

உறைந்த இரை ஏன்?

வளர்ப்புப் பாம்புகளுக்குப் பெரும்பாலும் வெள்ளைச் சுண்டெலிகளும் எலிகளுமே உணவு. உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டால், அச்சத்தில் அது பாம்பைக் கடித்துக் காயப்படுத்தக்கூடும். எலிக்கும் அது கொடிய முடிவு. எனவே, முன்னரே வலியின்றிக் கொல்லப்பட்டு உறையவைக்கப்பட்ட இரையை வாங்கி, வேண்டும்போது உருகவைத்துக் கொடுப்பதே பொறுப்புள்ள வளர்ப்போரின் வழக்கம். இம்முறையை நான் குறைகூறவில்லை. பாம்பின் நலன் கருதினால் இதுவே சரியான முறை. இடர் இருப்பது, அந்த இரையை வைக்கும் இடத்திலும் கையாளும் விதத்திலும்தான்.

குளிர் என்ன செய்கிறது?

அந்த மாணவர் கவனமற்றவர் அல்லர். பாம்பைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுவார். ஆனால் உறைந்த எலியைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் வேறு. "மைனஸ் 18 டிகிரியில் எந்தக் கிருமி பிழைக்கும்?" என்று கேட்டார். படித்தவர்களிடமும் பரவலாகக் காணப்படும் எண்ணம் இது. உறைதல் சில ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லும் என்பது மெய். அதை எல்லாக் கிருமிகளுக்கும் பொருத்திவிடுவதிலிருந்தே இப்பிழை பிறக்கிறது.

பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை, குளிர் அவற்றின் பெருக்கத்தை நிறுத்துகிறது, உயிரைப் போக்குவதில்லை. உறையும்போது உருவாகும் பனிப் படிகங்களால் ஒரு பகுதிக் கிருமிகள் சிதையலாம். எஞ்சியவை இறைச்சியின் புரதமும் கொழுப்பும் தரும் பாதுகாப்பில் மாதக்கணக்கில் உயிருடன் கிடக்கும். இதற்குச் சான்று எங்கள் துறையிலேயே உண்டு. நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் ஒரு கிருமியைப் பல ஆண்டுகள் அழியாமல் வைத்திருக்க வேண்டுமானால், அதைக் கிளிசரின் கலந்த திரவத்தில் இட்டு மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்கிறோம். கிருமியைப் பாதுகாக்க நாங்கள் கையாளும் முறையையே, கிருமியை ஒழிக்கும் முறை என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சால்மோனெல்லாவை ஒழிப்பவை போதிய வெப்பமும் கதிர்வீச்சும்தான். கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட இரை எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. வேகவைத்த எலி பாம்புக்கு ஏற்ற உணவன்று. ஆகவே, உறைந்த எலி ஒவ்வொன்றும் உயிருள்ள கிருமிகளைச் சுமந்துள்ளது என்றே கொண்டு நடத்தல் வேண்டும். எலி நோயற்றதாக, தூய்மையாகத் தோன்றுவதால் இம்முடிவு மாறாது. எலியும் சரி, பாம்பும் சரி, நோய்க்குறி எதுவுமின்றிக் குடலில் இக்கிருமியைத் தாங்கிக்கொண்டு விட்டுவிட்டு வெளியேற்றும். ஒருமுறை பரிசோதித்துக் கிருமி இல்லை என்று வந்தாலும் அதை நம்பியிருக்க இயலாது.

உலகம் ஏற்கெனவே கண்ட பாடம்

2008ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் ஒரே இனச் சால்மோனெல்லாவால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். அவர்களில் குழந்தைகள் கணிசமானோர். ஆராய்ந்தபோது, ஊர்வனவற்றின் உணவாக அமெரிக்காவிலிருந்து உறைந்த நிலையில் இறக்குமதியான சுண்டெலிகளே மூலம் எனத் தெரியவந்தது. அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் அதே தொற்று காணப்பட்டது. 2010 ஜூலையில் அங்குள்ள நிறுவனம் ஒன்று தன் உறைந்த இரைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பின்னர் 2015 முதல் பிரிட்டனில் வேறொரு சால்மோனெல்லா இனம், மீண்டும் உறைந்த சுண்டெலிகளின் வழியாகவே, பல நூறு பேரைத் தாக்கியது. உறைந்த நிலையில் நாடு விட்டு நாடு பயணம் செய்த பின்னரும் கிருமி நோயைத் தரும் ஆற்றலுடன் இருந்தது என்பதே இந்நிகழ்வுகள் உணர்த்தும் உண்மை.

அந்த வீட்டில் நடந்தது என்ன?

அவ்வீட்டில் இருந்தது ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி. அவ்வகைப் பெட்டியில் ஃபிரீசருக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும். பனிக்கட்டி மிகுந்ததும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால், உருகிய நீர் அத்தட்டில் வடியும். நம் வீடுகளில் பால் பாக்கெட்டுகளை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு மூன்று நாள்களுக்கு முன் பாட்டி அப்பொத்தானை அழுத்தியிருக்கிறார். எலிகள் இருந்த பை வாய் கட்டப்படாமல் இருந்தது. பையிலிருந்து கசிந்த நீரும் பனி உருகிய நீரும் ஒன்றாய்க் கலந்து, கீழிருந்த பால் பாக்கெட்டுகளின் மேல் வடிந்திருக்க வேண்டும்.

"பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சினோமே டாக்டர்" என்று பாட்டி கேட்டார். காய்ச்சிய பாலில் கிருமி இராது. ஆனால் பாக்கெட்டின் வெளிப்புறத்தையும், அதை வெட்டிய கத்தரிக்கோலையும், தட்டைத் துடைத்த துணியையும், துடைத்த கைகளையும் யாரும் காய்ச்சுவதில்லை. அக்கைகளே சற்று நேரத்தில் குழந்தைக்கு வாழைப்பழத்தை மசித்தன. இதுதான் வழி என்று ஆய்வகச் சான்றுடன் நிறுவ எங்களால் இயலவில்லை. நாங்கள் கேட்டறிந்தபோது அப்பெட்டி முழுவதும் கழுவப்பட்டிருந்தது. ஆயினும் வேறு வழி எதுவும் புலப்படவில்லை.

யாருக்கு அபாயம் மிகுதி?

நலமுள்ள இளைஞர் ஒருவருக்கு இத்தொற்று சில நாள் வயிற்றுப்போக்குடன் முடிந்துவிடலாம். பின்வருவோருக்கு அது இரத்தத்திலும், சில வேளை மூளை உறையிலும் எலும்பிலும் பரவக்கூடும்:

- ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களிலும் குறிப்பாகக் கைக்குழந்தைகள்
- 65 வயதைக் கடந்தோர்
- கருவுற்ற பெண்கள்
- புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், ஸ்டீராய்டு போன்ற நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர்
- எச்.ஐ.வி. தொற்றுடையோர், அரிவாள் உயிரணு நோயுடையோர்

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோரையும் இங்கே குறிப்பிட வேண்டும். உணவுடன் வரும் கிருமிகளுக்கு முதல் தடை வயிற்றின் அமிலமே. அது குறையும்போது சிறு எண்ணிக்கையிலான கிருமிகளும் குடலை எட்டிவிடும்.

மேற்கண்டோர் உள்ள வீட்டில் ஊர்வனவற்றை வளர்க்காதிருப்பதே நல்லது. வளர்க்கும் வீட்டில் அத்தகையோர் தங்க நேர்ந்தால், அக்காலம் முழுவதும் பாம்பையும் அதன் இரையையும் வேறிடத்திற்கு மாற்றிவிடுமாறு அறிவுறுத்துகிறேன்.

எங்கே வைப்பது? எப்படி வைப்பது?

1. இரைக்கெனத் தனி ஃபிரீசர் வைப்பதே முதன்மையான அறிவுரை. சிறிய, பழைய பெட்டியாயினும் போதும். அது சமையலறைக்கும் உணவருந்தும் இடத்திற்கும் வெளியே இருத்தல் வேண்டும். வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே நிற்க வேண்டும்.

2. உணவு வைக்கும் பெட்டியைத் தவிர வேறு வழியே இல்லையெனில், இரையைக் காற்றுப்புகாத இரண்டு பைகளில் ஒன்றனுள் ஒன்றாக இட்டு, அவற்றை இறுக மூடும் கெட்டியான டப்பாவில் வைக்கவும். டப்பா எல்லாவற்றுக்கும் அடித்தளத்தில் இருக்க வேண்டும்; ஐஸ் தட்டோ உணவோ அதன் கீழே இருத்தலாகாது. ஃபிரீசர் மேலே அமைந்து, உருகும் நீர் கீழே வடியும் ஒற்றைக் கதவுப் பெட்டி இதற்கு ஏற்றதன்று.

3. டப்பாவின் மேல் உள்ளிருப்பது என்ன என்பதையும் வைத்த நாளையும் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், வீட்டு வேலைக்கு வருவோருக்கும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாட்டிக்குப் பையில் இருந்தது என்னவென்று தெரியாது. மீன் என்றே எண்ணியிருந்தார்.

4. ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனிப் பைகளில் பிரித்து வைத்தால், ஒன்றை எடுக்க மற்றவற்றைத் தொட வேண்டியிராது. நெடுநாள் வைப்பதால் கொழுப்பு கெட்டு, உயிர்ச்சத்துகளும் குறையும். ஆறு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள்.

5. வீட்டிலோ தெருவிலோ பிடித்த எலியை ஒருபோதும் உறையவைத்துப் பயன்படுத்தாதீர்கள். அவை எலிக் காய்ச்சல் கிருமியைச் சுமந்திருக்கலாம். எலி மருந்தைத் தின்றவையாகவும் இருக்கலாம். குளிர் அந்த நஞ்சையும் போக்காது; பாம்பே மாண்டுபோகும்.

உருகவைக்கும்போது

உறைந்திருக்கும்வரை உறங்கிய கிருமி, உருகியதும் விழித்துப் பெருகத் தொடங்குகிறது. அரை மணிக்கு ஒருமுறை அது இரட்டிப்பாவதாகக் கொள்வோம். 100 கிருமிகள் ஐந்து மணி நேரத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிடும். நம் ஊர் வெக்கையில் இரவு முழுவதும் மேசையின்மேல் எலியை உருகவிடுவது எத்தகைய செயல் என்பதை இக்கணக்கே காட்டும்.

ஒட்டிய பையைத் திறக்காமலேயே, இதற்கென ஒதுக்கிய வாளியில் குளிர்ந்த நீரில் மூழ்கவைக்கவும். சிறு சுண்டெலி ஏறக்குறைய அரை மணியில் உருகும். பெரிய எலிக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். நடுப்பகுதியும் உருகிவிட்டதா என்பதைப் பையின் மேலேயே அழுத்திப் பார்க்கலாம். பிறகு, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சில நிமிடம் வைத்து வெதுவெதுப்பாக்கி உடனே கொடுத்துவிட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பைப் பயன்படுத்துதல் கூடாது. அது சீராகச் சூடேற்றாது. இரை வெடித்துச் சிதறவும் கூடும். அதே அடுப்பில்தான் நம் உணவும் சூடாகிறது.

இவை அனைத்தும் பாம்பு இருக்கும் அறையில் நடக்கட்டும். சமையலறைத் தொட்டி, பாத்திரம், இடுக்கி எதுவும் இதற்குப் பயன்படலாகாது. நீரைக் கழிவறையில் ஊற்றவும். பாம்பு உண்ணாது விட்ட இரையை மீண்டும் உறையவைக்காமல், பையிலிட்டுக் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் சோப்பிட்டு, ஓடும் நீரில் 20 நொடியேனும் கை கழுவுதல் இன்றியமையாதது. கையுறை அணிந்திருந்தாலும் இதைத் தவிர்க்கலாகாது. வாளி, இடுக்கி, தரை ஆகியவற்றை முதலில் சோப்பு நீரால் கழுவிய பின், பிளீச்சிங் திரவம் கலந்த நீரைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவவும். கடையில் கிடைக்கும் 5 விழுக்காட்டுத் திரவமாயின் ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி லிட்டர் போதும். அதனுடன் ஆசிட் அல்லது வேறு கழுவுதிரவம் எதையும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

மின்சாரம் தடைப்பட்டால்

கதவைத் திறக்காதிருந்தால், நிறைந்துள்ள ஃபிரீசர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது ஏறக்குறைய 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். இக்கணக்கு தனி ஃபிரீசருக்கே பொருந்தும். குளிர்சாதனப் பெட்டியின் சிறிய மேலறை இவ்வளவு நேரம் தாங்காது. மின்சாரம் மீண்டபின், இரை மென்மையாகியிருந்தால் அதை மறுபடி உறையவிடாமல் கழித்துவிடுங்கள். கசிவு இருந்து, அதே பெட்டியில் உணவும் இருந்தால், கசிவு பட்ட உணவையும் ஐஸ் கட்டிகளையும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். மறுபடி உறைந்துவிட்டதால் எதுவும் தூய்மையாகிவிடுவதில்லை.

நோய்க்குறிகள் தோன்றினால்

கிருமி உட்சென்ற 6 மணி நேரம் முதல் 6 நாள்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி தோன்றலாம். பெரும்பாலோர் நான்கு முதல் ஏழு நாள்களில் தாமாகவே குணமடைவர். ஓ.ஆர்.எஸ். கரைசலே முதன்மை மருந்து. கடையில் தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கி உட்கொள்ள வேண்டா. சாதாரணத் தொற்றில் அதனால் பயனில்லை.

மலத்தில் இரத்தம், இரண்டு நாளுக்கு மேல் குறையாத காய்ச்சல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு, எதையும் அருந்த இயலாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மேலே பட்டியலிட்ட அபாயம் மிகுந்தோர் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தொடங்கியவுடனேயே வருதல் வேண்டும். குணமான பின்னரும், குறிப்பாகச் சிறு குழந்தைகளின் மலத்தில், கிருமி பல வாரங்கள் வெளியேறலாம். அணையாடை மாற்றிய பின் கை கழுவுவதை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

நாய், பூனை, கோழி என்று மட்டும் கேட்டது என் பிழை. கேட்டதற்கு அத்தாய் சரியாகவே விடை கூறினார். அதன்பின் "வீட்டில் எவ்வகை உயிரினம் வளர்கிறது? ஆமை, பாம்பு, பல்லி வகை உண்டா? அவற்றின் தீனி எங்கே இருக்கிறது?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சிலர் சட்டத்துக்கு அஞ்சிச் சொல்லத் தயங்குகின்றனர். நம் நாட்டு மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை போன்றவற்றை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வெளிநாட்டு ஊர்வனவற்றில் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். இவற்றைப் பின்பற்றுவது உங்கள் கடமை. ஆனால் மருத்துவர் இக்கேள்வியைக் கேட்பது சிகிச்சைக்காகவே. அந்த மாணவர் மூன்றாம் நாள் வாய் திறந்ததால்தான், வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் வழியை அடைக்க முடிந்தது.

ஊசிவழி மருந்து பத்து நாள் செலுத்திய பின் குழந்தை நலமுடன் வீடு திரும்பியது. மாமா பாம்பை நண்பர் ஒருவரின் பொறுப்பில் விட்டிருந்தார். குழந்தை தந்தை வீட்டுக்குச் சென்ற பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்; உடன் ஒரு சிறு ஃபிரீசரும் வாங்கி மாடி அறையில் வைத்தார். மறுபரிசோதனைக்கு வந்தபோது பாட்டி என்னிடம் சொன்னார்: "இப்போது அந்தப் பெட்டிக்குப் பூட்டே போட்டாயிற்று டாக்டர். சாவி அவனிடம்தான் இருக்கிறது." அதுவே சரியான ஏற்பாடு என்றேன்.